டிங்சர் பஞ்சு

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் சிதம்பரம் மேலவீதியில் சாம்பிராணி போடுகிற பாய் ஒருவர் இன்னும் வருகிறார், ஒரு கையில் தூபக்கால், இன்னொரு கையில் மயில்தோகை விசிறி, தோளில் தொங்கும் பையில் இடித்த சாம்பிராணி, கடைக்குள் நுழைந்து கல்லாப்பெட்டி, தராசு, சாமி படம் என்று வரிசையாகப் புகையை விசிறிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். பாதிக் கடைகளில் இப்போது கப் சாம்பிராணிதான், அதில் வாசனைத் தைலம் தூக்கலாக இருக்கிறது, முகர்ந்தால் எனக்கு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. பாய் போடுகிற புகையில் மட்டும் அடியில் ஒரு கசப்பும் மருந்து நெடியும் உண்டு, அது மூக்கில் பட்டதும் மற்றவர்களுக்குக் கோயில் ஞாபகம் வரலாம், எனக்கு வருவது கடலூரில் இருந்த ஒரு டிஸ்பென்சரி.

சாம்பிராணியை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, கூடக் கொஞ்சம் மூசாம்பரமும் சேர்த்து வடித்தால் டிங்சர் பென்சாயின், அதைப் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, கார்க்கு வைத்து, தாத்தா கைக்கெட்டும் தட்டில் வைத்திருந்தார். அவர் திருப்பாப்புலியூரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர், டாக்டர் பத்து மணிக்கு வருவார், இவர் ஆறரைக்கே போய் வாசல் தெளித்து, ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஊசியையும் சிரிஞ்சையும் எவர்சில்வர் டப்பாவில் கொதிக்கப் போட்டுவிடுவார், அந்த ஆவியும் டெட்டால் தண்ணீரும் சிவப்பு மிக்ஸ்சரின் இனிப்பு நெடியும் மண்ணெண்ணெயும் கலந்த காற்றில், ஜன்னல் கம்பிகளின் நிழலோடு காலை வெயில் மேஜைமேல் சாய்ந்து கிடக்கும். மிக்ஸ்சர் புட்டிகளில் வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காகக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பசை தடவி ஒட்டுவார்கள், லீவு நாட்களில் அது என் வேலை. முட்டியைச் சிராய்த்துக்கொண்டு யாராவது வந்தால், சோப்பு போட்டுக் கழுவி, டிங்சரில் நனைத்த பஞ்சைத் தாத்தா வைப்பார், ஸ்பிரிட் சுரீரென்று எரிந்து பறந்துவிடும், பிசின் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும், தானாக விழும்வரை பிய்க்கக் கூடாது என்று விரலை ஆட்டிச் சொல்லி அனுப்புவார்.

அவருடைய ஸ்டூல் வாசற்படிக்கு நேராகப் போட்டிருக்கும், யார் வந்தாலும் உள்ளே வரும் முன்பே அவர் பார்வையில் பட்டாக வேண்டும். "ஏறி வர்றவங்க காலைப் பாரு பாப்பா, முகத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார். ஒரு செருப்பு கழன்று கீழே கிடக்க, கழன்றதே தெரியாமல் ஏறுகிறவர், இரண்டு படிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்குகிறவர், பேசிக்கொண்டே வந்து நடுவில் பேச்சை விட்டுவிடுகிறவர், இவர்களையெல்லாம் அவர் வரிசையில் உட்கார வைத்ததில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் முதலில் சட்டையை மேலே ஏற்றிவிட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே போய்ப் போய் வருகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா என்று பார்ப்பார், அதற்குப் பிறகுதான் அம்மாக்காரியிடம் என்னம்மா ஆச்சு என்ற கேள்வி.

ஒரு நாள் காலை, டாக்டர் வர இன்னும் நேரமிருந்தது, மஞ்சக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு மனிதர் சைக்கிளில் வந்து இறங்கினார், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், ராத்திரி மொச்சைக்கொட்டைக் குழம்பு, வாயு பிடித்துக்கொண்டது, சோடா குடித்தும் போகவில்லை, ஏதாவது மிக்ஸ்சர் கொடுங்கள் என்றார், சாதாரணமாகத்தான் சொன்னார். மார்கழி மாதம், எல்லோரும் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அவர் மேலுதட்டிலும் நெற்றியிலும் வியர்வை முத்து முத்தாக நிற்கிறது, தாடையை ஒருதரம் தடவிக்கொண்டார், சொத்தைப் பல் போலவும் வலிக்கிறது என்றார். தாத்தா எழுந்துபோய் அவரை இரண்டாவது படியிலேயே உட்கார வைத்து, முதுகைச் சுவரில் சாய்த்து, முட்டியை மடக்கச் சொல்லி, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, "நீங்க இனிமே ஒரு அடி நடக்கக் கூடாது" என்றார், ரிக்‌ஷாக்காரரைக் கூப்பிட்டு இரண்டு பேராகத் தூக்கி வைத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார், மிக்ஸ்சர் கொடுக்கவில்லை. பித்தமோ வாயுவோ மனுஷனை மார்கழியில் இப்படி வியர்க்க வைக்காது என்று பிறகு சொன்னார். அன்று கொடுக்க ஒன்றுமில்லை என்று அவர் நினைத்ததுதான் இப்போது நினைத்தால் என்னவோ செய்கிறது, ஆஸ்பிரின் தலைவலி மாத்திரையாக அதே அலமாரியில் ஒரு பெரிய புட்டி நிறைய இருந்தது, மாரடைப்பு தொடங்கியதும் அதைக் கொடுத்தால் சாவு குறைகிறது என்று பல நாடுகளில் 17,000 பேருக்கு மேல் வைத்து நடத்திய ஆய்வு ஒன்று உறுதியாகச் சொன்னது 1988-ல், தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார். இப்போது ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர், வயிற்றில் புண் இருந்து ரத்தம் போகிறவர் தவிர மற்றவர்களுக்கு 300 மில்லிகிராமை மென்று விழுங்கச் சொல்கிறார்கள், மெல்ல வேண்டும், முழுதாக விழுங்கினால் வேலை செய்ய நேரமாகும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பும் குமட்டலும் வியர்வையுமாகக் கூட அது வரும், அவர்கள்தான் பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு படுத்துவிடுகிறார்கள்.

வீட்டில் பாட்டிக்கு வேறு வைத்தியம். சுட்டுக்கொண்டால் தோசை மாவு, மாவு இல்லையென்றால் காப்பிப் பொடி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பேனா மசி, எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பெண்களின் முன்கையில் ஒரு வெளிறிய தழும்பாவது இருந்தது. ஒரு தீபாவளிக்கு முறுக்கு பிழியும்போது சித்தியின் புறங்கையில் எண்ணெய் தெறித்துவிட்டது, பாட்டி மாவுப் பாத்திரத்தோடு ஓடி வருகிறாள், தாத்தா குறுக்கே நின்று பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, சித்தியின் வளையலையும் மோதிரத்தையும் கழற்றச் சொல்லி, வீங்கினால் பிறகு வராது என்று, கிணற்றடிக்கு அழைத்துப்போய் வாளி வாளியாக இறைத்து ஊற்றிக்கொண்டே இருந்தார், சித்தி போதும் மாமா, கை விறைக்குது என்றாள், அவர் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று அவருக்குக் கணக்கு கிடையாது, இன்றைய பாடத்தில் ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் என்று இருக்கிறது, ஐஸ் கூடாது, கொப்புளத்தை உடைக்கக் கூடாது, சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாவு பூசியதை எல்லாம் சுரண்டி எடுப்பதற்குள் டாக்டருக்கும் நோயாளிக்கும் உயிர் போய் உயிர் வரும் என்று தாத்தா பாட்டியிடம் அடிக்கடி சொன்னார், அவள் ஒப்புக்கொள்ளவே இல்லை, அவர் இல்லாத நேரங்களில் தோசை மாவுதான்.

அவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது என்றில்லை. யுத்த காலத்தில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் வகுப்பில் கற்றுக்கொண்டது அவருடைய படிப்பு, முக்கோணத் துணியை வைத்துத் தலைக்கும் முட்டிக்கும் தோளுக்கும் கட்டுப் போடுவதில் அவருக்குப் பெருமை, ஆனால் வலிப்பு வந்தவரின் பல்லுக்கு நடுவே கரண்டிக் காம்பைத் துணி சுற்றிச் செருக வேண்டும் என்றுதான் அவரும் நம்பினார், அப்போது புத்தகமே அப்படித்தான் சொன்னது. ஊர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தது, அவர் கரண்டியைச் செருகினார், இரண்டும் வேண்டாம் என்று இன்று தெரிகிறது, நாக்கை யாரும் விழுங்கிவிடுவதில்லை, சுற்றிலும் இடிபடுகிற சாமானை நகர்த்தி, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைத்து, ஆட்டம் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும், ஐந்து நிமிடத்துக்கு மேல் போனாலோ, ஒன்று விட்டு நினைவு திரும்பும் முன்பே அடுத்தது வந்தாலோ ஆஸ்பத்திரி. கரண்டியால் உடைந்த பற்கள் கடலூரில் எத்தனை இருந்ததோ. ஆனால் தாத்தா மாற்றிக்கொள்ளத் தயங்காதவர், டாக்டர் புதிதாக ஏதாவது படித்துச் சொன்னால் மறுநாளே பழையதை விட்டுவிடுவார்.

அப்படி அவர் பலமுறை மாற்றிக்கொண்டது தண்ணீரில் மூழ்கியவர்களுக்கான வைத்தியத்தைத்தான். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சாயங்காலம் எங்களை அழைத்துப்போவார், கெடிலத்தைத் தாண்டிப் போகும்போதே காற்றில் கருவாட்டு வாசனை வந்துவிடும், அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் நடப்பார், கட்டுமரங்களைக் கரையில் ஏற்றி வைத்திருக்கும், குப்பத்துப் பெரியவர்கள் வலையை மடியில் போட்டுக்கொண்டு கண் வலையிலும் காது அலையிலுமாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் மூழ்கமாட்டார்கள், வெளியூரிலிருந்து வந்து கால் நனைக்கிறவர்கள்தான் இழுபடுவார்கள், ஒருதரம் அப்படி ஒரு பையனை இழுத்துப் போட்டார்கள், உதடு நீலம், வயிறு உப்பல், இரண்டு பேர் அவன் கணுக்காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றத் தொடங்கிவிட்டார்கள், தண்ணீர் வெளியே வந்தால் உயிர் வரும் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. தாத்தா வேட்டி நனைய ஓடிப்போய், "இறக்குங்கய்யா, கீழே போடுங்க" என்று கத்தி, பையனைக் குப்புறப் படுக்கவைத்து, தலைமாட்டில் முட்டி போட்டு, முதுகை அழுத்துவதும் பிறகு முழங்கைகளைப் பிடித்துத் தூக்குவதுமாக மாற்றி மாற்றிச் செய்தார், கொஞ்ச நேரத்தில் அவன் கக்கிவிட்டு அழுதான், அந்த அழுகையைக் கேட்டுக் குப்பத்துப் பெண்கள் எல்லோரும் அழுதார்கள்.

அந்த முறைக்கு ஹோல்கர் நீல்சன் என்ற டென்மார்க்காரர் பெயர், 1932-ல் அவர் அதைச் சொன்னார், அதற்கு முன் 1903-லிருந்து ஷேஃபர் என்ற ஆங்கிலேயப் பேராசிரியரின் முறை, அதில் கீழ் முதுகை அழுத்துவது மட்டும் உண்டு, தாத்தா வகுப்பில் முதலில் படித்தது அதை. இன்னும் பின்னால் போனால், 1767-ல் ஆம்ஸ்டர்டாமில் கால்வாய்களில் விழுந்தவர்களைக் காப்பாற்ற என்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள், அவர்கள் மூழ்கியவரின் ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையை ஊதினார்கள், வாயில் வாய் வைத்து ஊதலாம் என்றும் அவர்களே சொல்லியிருந்தார்கள், பின்னால் வந்தவர்கள் அதை மறந்து கிட்டத்தட்ட நூறு வருஷம் முதுகையும் கையையும் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். 1950-களில் பீட்டர் சாஃபர் முதலானவர்கள் ஊதுவதுதான் சரி என்று நிரூபித்தார்கள், 1960-ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்து அமுக்கியே இதயத்தை வேலை செய்ய வைக்கலாம் என்று காட்டினார்கள், இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நாம் செய்வது. டாக்டர் அதைச் சொன்ன நாளில் தாத்தா வீட்டுக்கு வந்து தலையணையைத் தரையில் போட்டு அமுக்கிப் பார்த்தார், நீல்சன் தப்பாம், இதுதான் சரியாம் என்று பாட்டியிடம் சொன்னார், குரலில் வருத்தம் இல்லை.

கடலூரில் கரையேறுவது என்றால் அப்பர் நினைவு வராமல் இருக்காது, கல்லில் கட்டிக் கடலில் போட்டும் அவர் மிதந்து வந்து ஒதுங்கிய இடம் என்று கரையேறவிட்ட குப்பத்தைக் காட்டுவார்கள், சித்திரையில் அங்கே அந்தக் கதையை நினைத்து விழா நடக்கும். எனக்கு அதைவிட அவர் அக்கா திலகவதியார்தான் மனதில் நிற்கிறார், பாடலிபுரத்து மடத்தில் தம்பிக்குச் சூலை நோய் வந்து, யாராலும் தீர்க்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து நிற்கிறார், சமயம் மாறிப் போனவர், பல வருஷம் பிரிந்திருந்தவர், அந்த அம்மாள் பழையதைப் பேசாமல் முதலில் திருநீற்றைக் கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப்போனார் என்று சேக்கிழார் சொல்கிறார். துடிக்கிறவனைக் கேள்வி கேட்காமல் தொட்ட கை என்பதற்காகவே நான் அந்த இடத்தை அடிக்கடி எடுத்துப் படிப்பதுண்டு.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை, அதே தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு, சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். சில நாள் கழித்து நான் போனபோது கரையில் கருவாட்டு வாசனை இல்லை, பிளீச்சிங் பவுடர் வாசனைதான், இழுத்துப் போட்டவர்களும் தோளில் தூக்கி ஓடியவர்களும் பெரும்பாலும் குப்பத்து ஆட்களே என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்களில் ஒரு பெரியவர், பிள்ளைகளின் வயிற்றை அமுக்கித் தண்ணியை எடுத்தோம், எடுத்தும் போயிட்டுதுங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நுரையீரலுக்கு வேண்டியது காற்று, வயிற்றுத் தண்ணீரை வெளியே எடுக்கும் நேரம் வீண், அமுக்கினால் அது திரும்பி மூச்சுக்குழாயில்தான் இறங்கும், மல்லாக்கப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கை மூடி வாயில் ஐந்து முறை ஊதிவிட்டு, மார்பின் நடுவே இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது முறை அமுக்க வேண்டும் என்று கடலோரத்துக் குப்பங்களில் முன்பே வீடு வீடாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கைகளின் பலத்துக்கும் துணிச்சலுக்கும் அது ஒன்றுதான் பாக்கியாக இருந்தது.

அம்மா பிறந்த ஊர் கொள்ளிடக் கரைப் பக்கம், சிதம்பரத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து, அப்புறம் வாய்க்கால் வரப்பில் நடக்க வேண்டும், அங்கே வாசனை வேறு, ஈர வைக்கோல், எருமுட்டைப் புகை, இரவில் அரிக்கேன் விளக்கின் திரி கருகும் நெடி. அந்த ஊரில் விஷக்கடிக்கு மந்திரிக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார், வேப்பிலையை மெல்லக் கொடுத்துக் கசக்கிறதா என்று கேட்பார், கசக்கவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம், கடிவாய்க்கு மேலே கயிற்றை இறுக்கிக் கட்டுவார், சிறியாநங்கை அரைத்துக் கொடுப்பார். விஷம் இறங்காத வெறுங்கடிகளும் விஷமில்லாத பாம்புகளும் அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருந்தன, கயிற்றை இறுக்கி அவிழ்த்ததில் காலை இழந்தவர்கள் வேறு ஊர்களில் இருந்தார்கள். ஒரு ஐப்பசி விடியற்காலை பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வயிற்றுவலி என்று பெரியவரைக் கூப்பிட்டார்கள், பதினைந்து வயதிருக்கும், தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவள், கடி எங்கும் தெரியவில்லை, வீக்கமில்லை. நான் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், அவர் விளக்கை அவள் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்து, "மேல பாரு தாயீ" என்றார், அவளால் இமையைத் தூக்க முடியவில்லை, எச்சிலை விழுங்கு என்றார், கடைவாயில் வழிந்தது. விளக்கைக் கீழே வைத்துவிட்டு, "இது கட்டுவிரியன், எங் கையில இல்ல, கட்டிலோட தூக்குங்க" என்றார், வேப்பிலையை எடுக்கவே இல்லை.

கட்டுவிரியனின் பல் அவ்வளவு சின்னது, தூக்கத்தில் கடித்தால் கொசுக்கடி அளவுக்குக்கூடத் தெரியாது, நரம்பும் சதையும் பேசிக்கொள்கிற இடத்தை விஷம் அடைத்துவிடுகிறது, முதலில் இமை, பிறகு தொண்டை, கடைசியில் மூச்சு. அவளைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிப்போய் மாட்டு வண்டியிலும் பிறகு ஒரு லாரியிலுமாகச் சிதம்பரம் சேர்த்தார்கள், மருந்து ஏற்றி, தொண்டையில் குழாய் போட்டு, அதன் முனையில் ரப்பர் பலூனை மாட்டிக் கொடுத்தார்கள், அவள் அப்பாவும் சித்தப்பாவும் மாமாவும் முறை வைத்துக்கொண்டு இரண்டு பகல் இரண்டு ராத்திரி அதை அமுக்கினார்கள், மூன்றாம் நாள் அவளே மூச்சு விட்டாள். இன்றைக்கு அவள் பேரன் பேத்தி எடுத்தவள்.

பெயரில் விரியன் என்றாலும் கண்ணாடி விரியன் வேறு வகை, அது கடித்தால் ரத்தம் உறையாது, அதைப் பார்க்க ஆஸ்பத்திரியில் இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள், கெட்டியாகாமல் ஓடினால் விஷம் இறங்கியிருக்கிறது, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயாக இருந்தால் நல்ல ரத்தமும் உறையாது, பிளாஸ்டிக் குழாயும் ஆகாது. அந்தப் பெரியவரின் வேப்பிலை கேட்ட கேள்வியை இந்தக் குழாயும் கேட்கிறது, இதன் பதிலை மட்டும் நம்பலாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்குக்கும் ஒரே மருந்து, அதற்கான விஷத்தில் பெரும்பகுதியை 1978-ல் தொடங்கிய, வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம்தான் எடுத்துக் கொடுக்கிறது. ஆனாலும் இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்பு கடித்துச் சாகிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், தமிழ்நாட்டில் 2024-ல்தான் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆணை வந்தது. வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சமே, கொலுசு மெட்டி மோதிரத்தைக் கழற்றுவது, கட்டாமல் கீறாமல் உறிஞ்சாமல் இருப்பது, கடிபட்ட காலை மட்டையோடு சேர்த்து அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போவது.

இப்போது தூக்கிக்கொண்டு போக வண்டி இருக்கிறது, 2008-லிருந்து 108 ஓடுகிறது, 2021-லிருந்து சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், அரசு செலவு, தூக்கிவந்து சேர்த்தவரைப் போலீஸ் துளைக்கக் கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, 2019-ல் சட்டமும் ஆகிவிட்டது. இவ்வளவும் தாத்தா காலத்தில் கனவு. சென்ற வருஷம் கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டியதும் ஒரு கல்லூரிப் பையன் நின்றபடியே மயங்கிச் சாய்ந்தான், சுற்றியிருந்தவர்கள் அவனைத் தூக்கி நிமிர்த்தி உட்கார வைத்தார்கள், இருவர் போனை உயர்த்திப் படம் பிடித்தார்கள், படுக்கப் போட்டுக் காலைத் தூக்கிப் பிடியுங்கள், ரத்தம் தலைக்குப் போகட்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவனே விழித்துக்கொண்டான், காலையில் ஒன்றும் சாப்பிடவில்லையாம். பக்கத்து சீட்டில் இருந்தவர் அவன் சாயும்வரை வெளிறிப்போனதைக் கவனிக்கவே இல்லை என்றார், அவர் கையிலும் போன். பஸ் பயணத்தில் எதிரில் இருப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்த கிழவிகளை நினைத்துக்கொண்டேன், என்ன ஊரு, யாரு பொண்ணு, ஏன் இப்படி இளைச்சிருக்கே என்று குடைந்து எடுப்பார்கள், அப்போது அது தொல்லையாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஒரு முதலுதவி வகுப்பில் சேர்ந்தேன், ரப்பர் பொம்மையின் மார்பை ஐந்து சென்டிமீட்டர் இறங்க அமுக்கினால் டிக்கென்று சத்தம் வரும், என் வயதுக்கு மூச்சு வாங்கியது. அங்கே சொல்லிக் கொடுத்ததில் பாதி கை வேலை, பாதி கண் வேலை, கண் வேலைக்கு நான் முன்பே தயாராக இருந்தேன்.

போன தை மாதம், காலை எட்டு மணிவாக்கில், எதிர்வீட்டு அத்தை கதவைத் திறந்து பேப்பரை எடுத்தார், குனிந்து எடுத்தவர் நிமிரும்போது இடது காலில் செருப்பு இல்லை, அது நிலைப்படிக்கு உள்ளேயே கிடந்தது, அவருக்குத் தெரியவில்லை. அத்தை, இங்கே பாருங்கள், சிரியுங்கள் என்றேன், சிரித்தார், வாயின் இடது ஓரம் வரவில்லை, இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன், இடது கை பாதியில் மிதந்து இறங்கியது, என்ன சமையல் என்று கேட்டால் வார்த்தை கூழாக வந்தது. மருமகள் தண்ணீரோடு ஓடி வந்தாள், வேண்டாம்மா, இப்போது விழுங்கினால் புரையேறும் என்று தடுத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குச் சொன்னோம். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, கடைசியாக இவங்க நல்லா இருந்ததை யார் பார்த்தது, எத்தனை மணிக்கு, ஏனென்றால் மூளை ரத்தக் குழாயில் கட்டியிருப்பதைக் கரைக்கிற மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதுவும் முந்த முந்த நல்லது. மருமகளுக்குத் தெரியவில்லை, மகன் இரவு பார்த்தது. பூக்காரம்மாவுக்குப் போன் போட்டேன், ஏழு மணிக்குப் பூ கொடுத்தேன், ரெண்டு கையாலயும் வாங்கினாங்க, சில்லறை எண்ணிக் குடுத்தாங்க, நல்லாத்தான் பேசினாங்க என்றார், தினமும் எல்லா வீட்டு வாசலிலும் நின்று முகம் பார்த்துப் பேசுகிறவர் எங்கள் கட்டடத்துக்கு அவர் ஒருவர்தான். மருந்து ஏற்றினார்கள், அத்தை இப்போது நடக்கிறார், இடது கையில் டம்ளர் கொஞ்சம் ஆடுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூக்காரம்மாவையும் எங்கள் மாடிப் பெண்கள் சிலரையும் கூப்பிட்டு, சோபா மெத்தையைத் தரையில் போட்டு, மார்பை எப்படி அமுக்குவது என்று காட்டினேன், முழங்கை மடங்கக் கூடாது, தோள் நேர் மேலே இருக்க வேண்டும், விட்டதும் மார்பு முழுதாக எழும்ப வேண்டும். பெண்கள் கூச்சத்தோடு தொட்டுத் தொட்டு அமுக்கினார்கள், பூக்காரம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முட்டி போட்டு அமுக்கிய அமுக்கில் மெத்தை தரையோடு தரையாக அமுங்கியது.

"எம்மா நேரம் அமுக்கணும்மா?"

"வண்டி வர்ற வரைக்கும்மா."

"அதுக்குள்ள கை ஓஞ்சிடாது?"

"ஓயும், ரெண்டு நிமிஷத்துக்கு ஒருத்தர் மாத்தி மாத்தி அமுக்கணும்."

"அப்ப வர்ற வாரம் எம் மருமவளையும் கூட்டியாறேன், அவளுக்கு என்னைவிடக் கை வலு" என்றார்.